வகுப்பறையில் நயினாதீவுச் சாசனம்: அரசின் வரலாற்றை மூலச்சான்றின்வழிக் கற்பித்தல்

இலங்கையின் பண்டைய அரசுகள் பற்றிப் பாடநூல்கள் பெரும்பாலும் முடிந்த முடிபுகளையே மாணவர்க்கு வழங்குகின்றன. அம்முடிபுகள் எவ்வாதாரத்தினின்று பெறப்பட்டன, அவ்வாதாரம் யாரால் யாருக்காக ஆக்கப்பட்டது என்னும் வினாக்கள் அங்கு எழுவதில்லை. மூலச்சான்றொன்று மாணவர் கையில் சேரும்போது இந்நிலை எவ்வாறு மாறுகின்றது என்பதை நயினாதீவுச் சாசனத்தைக்கொண்டு நோக்குவோம்.

பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் (1153-1186) இத்தமிழ்ச் சாசனம் நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ளது. பேராசிரியர் கா. இந்திரபாலா இதனை 1963இல் ஆராய்ந்து வெளியிட்டார். ஊராத்துறைக்கு வரும் பரதேசிகளுக்குப் பாதுகாப்பளிக்குமாறு அது பணிக்கின்றது. யானை, குதிரை கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கும் எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன. வாணிக மரக்கலமாயின் இருவர்க்கும் செம்பாதி.

இவ்விரு விகிதங்களையும் கரும்பலகையில் எழுதி, வேறுபாட்டுக்குக் காரணம் கேட்டலே போதுமானது. யானையும் குதிரையும் அரசன் விரும்பியவை என்று சாசனமே கூறுகின்றது. அவற்றைக் கொணர்வோனின் இழப்பைக் குறைத்து மேலும் வரச்செய்தலே நோக்கம் என்பதை மாணவர் தாமே உய்த்துணர்வர். யானை மலிந்த இந்நாட்டுக்கு யானை வந்தது ஏன் என்று ஒரு மாணவன் வினவினால், ஆசிரியர் விடையிறுக்க விரைதல் வேண்டா. அவ்வினாவே அன்றைய பாடத்தின் பெரும்பயன்.

ஆணை தமிழில் அமைந்தமை இதனினும் நுண்ணிய பொருள். பழைய அரசு ஒவ்வொன்றும் ஓரினத்துக்கும் ஒரு மொழிக்குமே உரியதாயிருந்தது என்னும் எண்ணத்துடன் நம் மாணவர் பலர் வகுப்புக்கு வருகின்றனர். அவர்கள்மீது முழுப்பழியும் சுமத்துவதற்கில்லை. தமிழில் ஆணையிட்டமையால் அவ்வேந்தன் தமிழனாகான். பொலன்னறுவை வேந்தனின் ஆணை வடபுலத்தீவில் நின்றமையால் அங்குத் தமிழ் வழங்கவில்லை என்றும் ஆகாது. அத்துறையில் ஆணையை அறியவேண்டியவர்க்குத் தமிழ் விளங்கிற்று என்ற அளவில் நாம் அமைதல் தகும்.

ஆணை வேறு, நடைமுறை வேறு என்பதும் உணர்த்தப்படல் வேண்டும். உடைந்த மரக்கலமொன்றின் பொருள் உண்மையில் இவ்வாறு பங்கிடப்பட்டதா என்பதை இக்கல் கூறவில்லை. வகுப்புக்கெனப் படியெடுக்கும் ஆசிரியர், கல் சிதைந்துள்ள இடங்களைத் தாமே நிரப்பிவிடாது வெற்றிடமாகவே விடுதல் நன்று.