பிரதியிடல் முறையின் உட்பொருள்

அட்சரகணிதம் யாழ்ப்பாணத் தமிழருக்குப் புதிய கலையன்று. வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்ற கறல் விசுவநாதபிள்ளை 1855ஆம் ஆண்டிலேயே ‘வீசகணிதம்’ என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். இக்கலையில் மாணவர் பொருளுணராது மனனஞ் செய்யும் பகுதிகளுள் ஒன்று, ஒருங்கமை சமன்பாடுகளைப் பிரதியிடல் முறையால் தீர்த்தலாகும்.

உடுவிலிலே 12 பரப்புச் செம்மண் தோட்டமொன்றை உதாரணமாகக் கொள்வோம். அதில் ஒரு பகுதி வெங்காயம், எஞ்சியது மிளகாய். களை பிடுங்குதற்கு வெங்காயத்தில் பரப்பொன்றுக்கு 3 ஆளும், மிளகாயில் 2 ஆளுமாக, மொத்தம் 31 ஆள் வேண்டியதாயிற்று. வெங்காயம் வ பரப்பு, மிளகாய் ம பரப்பு எனின்,

வ + ம = 12
3வ + 2ம = 31

ஈண்டு எழுத்துக் குறிப்பது பயிரையன்று, பரப்பின் எண்ணையே. முதலாவது சமன்பாட்டுக்குப் பொருந்தும் சோடிகள் பல. ஆகவே அது தனித்து விடை தராது. ஆயினும், ம என்பது 12 − வ என்பதற்குச் சமம் என அது உணர்த்துகின்றது. சமமான இரண்டனுள் ஒன்று நின்ற இடத்தில் மற்றதை நிறுத்துவதால் உண்மை பிறழாது. இதுவே பிரதியிடலின் அடிப்படை. இரண்டாவது சமன்பாட்டிற் பிரதியிட,

3வ + 2(12 − வ) = 31

அறியாக் கணியம் இரண்டு ஒன்றாயிற்று. அடைப்பை நீக்குங்கால் 2 என்பது உள்ளிருக்கும் இரு உறுப்புக்களையும் பெருக்கும் என்பதை மறத்தலாகாது. வ + 24 = 31; ஆகவே வ = 7, ம = 5. சரிபார்ப்பின், 21 + 10 = 31.

சிலர் 12 − வ என்பதை அது பிறந்த முதலாவது சமன்பாட்டிலேயே பிரதியிடுவர். அப்போது 12 = 12 என வரும். அது பொய்யன்று, ஆயினும் புதிதாக எதனையுங் கூறாது. ஒருவர் தாம் கூறியதையே தமக்குச் சாட்சியாக்கியது போலாம் அது.

இரண்டாவது சமன்பாடு 2வ + 2ம = 24 என இருப்பினும், பிரதியிட்டால் 24 = 24 என்றே முடியும். அது முதலாவதன் இருமடங்கேயாதலின், விடைகள் எண்ணிலவாகும். 2வ + 2ம = 30 எனின், 24 = 30 என்னும் பொய் தோன்றும்; இரு கூற்றும் முரணுதலின் விடையே இல்லை. இவ்விடங்களில் மாணவன் தான் பிழை செய்ததாக எண்ணிக் கணக்கை அழித்துவிடுகின்றான். உண்மையில் அவன் கண்டதே முடிவாகும்.

ஆதலின், இரு கணியங்களை அறிதற்கு ஒன்றையொன்று சாராத, தம்முள் முரணாத இரு செய்திகள் வேண்டும். இதனை உணர்ந்தவனுக்குப் பிரதியிடல் விதியாக அன்றி, நியாயமாகவே விளங்கும்.