சத்தம் எப்போது வருகிறது?

குண்டும் குழியுமான தெருவில் போனால் காரின் முன்பக்கம் ‘டொக் டொக்’ என்று அடிக்கிறது என்பார்கள். உடனே ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று தீர்ப்பு வந்துவிடும். விலையும் அதற்குத்தான் அதிகம்!

சத்தம் எந்தப் பக்கம் என்று காதை நம்பித் தேடினால் ஏமாறுவோம். காரின் உடம்பெல்லாம் தகரம். இடப்பக்கத் தட்டல் வலப்பக்கம் கேட்கும். எப்போது வருகிறது என்று கவனிப்பதே மேல்.

வேகத்தடையில் இரு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது சத்தமில்லை, ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கினால் தட்டுகிறதா? லிங்க் ராடைச் சந்தேகிக்கலாம். இரு பக்கத்தையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார், சக்கரங்கள் சேர்ந்து ஏறினால் முறுக்கிக்கொள்ளாது; ஒன்று ஏறி ஒன்று இறங்கினால்தான் முறுக்கும். அந்த இழுப்பு முழுவதும், பாரைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் லிங்க் ராடின் மேல் விழுகிறது. இரண்டு லிங்க் ராடையும் கழற்றிவிட்டு அதே தெருவில் மெதுவாக ஓட்டிப் பார்க்கும் மெக்கானிக்குகள் உண்டு. சத்தம் நின்றால் விஷயம் முடிந்தது.

பிரேக் பிடிக்கும்போதும் வண்டி கிளம்பும்போதும் ஒரு ‘டொக்’ என்றால் லோயர் ஆர்ம் புஷ். நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முனகினால் ஸ்ட்ரட் மவுண்ட்.

சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பால் ஜாயிண்ட்டா, வீல் பேரிங்கா? உள்ளே ஒருவரை உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். இதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. பால் ஜாயிண்ட் கழன்றால் ஓடும் வண்டியில் சக்கரம் மடங்கிவிடும்.

சரி, ஷாக் அப்சார்பர்? வண்டியின் பாரத்தைச் சுமப்பது அது அல்ல, ஸ்பிரிங். ஒரு பக்கம் தாழ்ந்து நின்றால் ஷாக்கைத் திட்டிப் பயனில்லை. ஸ்பிரிங்கின் துள்ளலை, எண்ணெயைச் சிறு துளைகள் வழியே நெருக்கித் தள்ளி, வெப்பமாக்கி அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. பானட்டை அமுக்கி விட்டு வண்டி துள்ளுகிறதா என்று பார்க்கும் பழைய சோதனை, முழுக்கச் செத்த ஷாக்கை மட்டுமே காட்டும். ஷாக்கின் மேல் லேசான கசிவு இருந்தால் பரவாயில்லை. எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருந்தால் மாற்ற வேண்டியதுதான். டயரைக் கையால் தடவும்போது மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டாலும் ஷாக்கைப் பார்க்க வேண்டும். மாற்றினால் இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.

ஸ்ட்ரட்டையோ லோயர் ஆர்மையோ கழற்றி மாட்டினால், வீல் அலைன்மென்ட் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். இல்லையென்றால் அடுத்த செலவு டயருக்கு.