உங்களுக்குத் தெரியுமா? கைபேசி நிறுவனங்களுக்கும் ஒரு கடிவாளம் உண்டு

லண்டன் அப்டன் பார்க்கின் கிரீன் ஸ்ட்ரீட்டில் வாங்கும் சிம் கார்டுக்கும் பின்னால், பிரிட்டனின் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ‘ஆஃப்காம்’ வகுத்த விதிகள் இருக்கின்றன. 1984இல் பிரிட்டிஷ் டெலிகாம் தனியார்மயமானபோது, கண்காணிப்புக்கென்று ‘ஆஃப்டெல்’ அமைக்கப்பட்டது. அதையும் வேறு நான்கு அமைப்புகளையும் இணைத்து உருவான ஆஃப்காம், 2003 டிசம்பரில் பொறுப்பேற்றது. அலைக்கற்றை ஏலம் நடத்துவதும் இதன் வேலையே.

சாமானியருக்குப் பெரிதும் பயன்பட்டது 2019 ஜூலையில் வந்த விதி. எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாற விரும்புபவர் 65075க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், எண்ணைப் புதிய நிறுவனத்துக்குக் கொண்டுசெல்லும் குறியீடு வந்துவிடும். பழைய நிறுவனத்திடம் கெஞ்ச வேண்டியதில்லை. 2025 ஜனவரி 17 முதல், புதிய ஒப்பந்தங்களில் பணவீக்கத்தைக் காட்டி இடையில் கட்டணம் உயர்த்த முடியாது. எத்தனை பவுண்டு, எத்தனை பென்ஸ் கூடும், எப்போது கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.