எழுதுற ஆளுக்கு என்ன கிஃப்ட் கொடுக்கலாம்?

ஒரு லிசனர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. அவங்க அண்ணி சிறுகதை எழுதுறாங்களாம். பிறந்தநாள் வருது, பட்ஜெட் ஆயிரம் ரூபாய். "நல்ல டைரியும் பேனாவும் ஓகேவா?"ன்னு கேட்டிருந்தாங்க.

டைரி வேண்டாம்ங்க. எழுதுற ஆளுங்க வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்க. முதல் ரெண்டு பக்கம் மட்டும் எழுதின டைரிகள் ஒரு அடுக்கு இருக்கும். எல்லாம் யாரோ அன்பாக் கொடுத்தது தான். தவிர, இன்னைக்கு நிறைய பேர் போன்லயும் லேப்டாப்லயும் தான் எழுதுறாங்க.

என் காலேஜ் சீனியர் ஒருத்தர் எழுதுறார். அண்ணான்னு தான் கூப்பிடுவேன். டெக் சப்போர்ட்ல நைட் ஷிஃப்ட், வீட்ல நாலு வயசுக் குழந்தை. ஒரு சிறுகதைத் தொகுப்பு வந்திருக்கு. அது வெளியானப்போ எங்க வாட்ஸ்அப் குரூப்ல எழுபது பேர் கட்டைவிரல் தூக்கினாங்க. ஆறு மாசம் கழிச்சு, "எத்தனை பேர் படிச்சாங்கண்ணா?"ன்னு கேட்டேன். "படிச்சதா சொன்னவங்க நாலு பேர்டா. அதுல ஒருத்தர் ப்ரூஃப் பார்த்தவர்"ன்னார். சிரிச்சுக்கிட்டே தான் சொன்னார். ஆனா அந்த வருஷம் அவர் வேற எதுவும் எழுதலை.

அதனால என் முதல் சிபாரிசு, அவங்க எழுதினதைப் படிங்க. புத்தகம் வந்திருந்தா காசு கொடுத்து வாங்குங்க. "எனக்கு ஒரு காப்பி கிடையாதா?"ன்னு உரிமையாக் கேக்குறது நம்ம ஊர்ல பாசம் மாதிரி தெரியும். ஆனா எழுதினவங்களுக்குப் பதிப்பகம் இலவசமாக் கொடுக்கிற பிரதிகள் கொஞ்சம் தான். அது தீர்ந்தா அவங்களே காசு போட்டு வாங்கித் தான் உங்களுக்குத் தரணும். அண்ணாவோட ஒப்பந்தத்துல ராயல்டி பத்து சதவீதம். இருநூறு ரூபாய் புத்தகம் ஒண்ணு வித்தா அவருக்கு இருபது ரூபாய். அதாவது ஒரு டீயும் ஒரு வடையும். நீங்க அஞ்சு காப்பி வாங்கி, படிக்கிற பழக்கம் இருக்கிற அஞ்சு பேருக்குக் கொடுத்தா, ஆயிரம் ரூபாய் பட்ஜெட் அங்கேயே முடிஞ்சிடும். இதை விட நல்ல கிஃப்ட் எனக்குத் தெரியலை.

இன்னும் புத்தகம் வரலையா? அவங்க கதை ஒண்ணைப் படிச்சிட்டு ஒரு பக்கம் கடிதம் எழுதுங்க. "சூப்பர், செம்ம" வேண்டாம். எந்த இடத்துல நிறுத்தி மறுபடி படிச்சீங்க, எங்க குழம்பினீங்க, எந்தக் கேரக்டர் உங்க பெரியம்மாவை ஞாபகப்படுத்தினாங்க, அதைச் சொல்லுங்க. விமர்சகர் மாதிரி பேசத் தேவையே இல்லை. கோட் ரிவ்யூல "நல்லா இருக்கு"ன்னு மட்டும் வர்ற கமெண்ட்டை வச்சு நாம என்ன பண்ணுவோம்? எந்த வரின்னு சொன்னா தான உபயோகம். அதே தான் இங்கேயும்.

கையில கொடுக்கிற மாதிரி பொருள் ஏதாவது வேணும்னா, அகராதி. குறிப்பா க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. 1992ல முதல் பதிப்பு வந்தது, 2008லயும் 2020லயும் விரிவாக்கிப் புதுப்பிச்சாங்க. பழைய இலக்கியச் சொற்களுக்குப் பொருள் சொல்ற புத்தகம் இல்ல இது. இன்னைக்கு நாம எழுதுற தமிழுக்கானது. ஒரு சொல்லுக்குப் பொருளோட, அதை வாக்கியத்துல எப்படிப் பயன்படுத்துறாங்கன்னும் காட்டும். இலங்கைத் தமிழ் வழக்குகளும் இருக்கு. எழுதுற ஆளு ஒரு சொல்லைத் தேடப் போய், பக்கத்துல இருக்கிற பத்து சொல்லைப் படிச்சிட்டுத் தான் திரும்புவாங்க. ஆயிரத்துக்குள்ள அடங்கலைன்னா, ரெண்டு மூணு பேர் சேர்ந்து வாங்குங்க. ஜனவரில சென்னை புத்தகக் காட்சிக்குப் போனா பத்து சதவீதம் தள்ளுபடியும் கிடைக்கும்.

பேனா பத்தி சுருக்கமா. கையால எழுதுறவங்கன்னு உறுதியாத் தெரிஞ்சா மட்டும் மைப்பேனா கொடுங்க. கூடவே நல்ல காகிதமும் கொடுங்க. சாதாரண நோட்டுல மை ஊறிப் பின்பக்கம் தெரியும், அப்புறம் அந்தப் பேனா டிராயரை விட்டு வெளியே வராது. எண்பது ஜிஎஸ்எம்முக்குக் குறையாமப் பாருங்க.

இப்போ எனக்குப் பிடிச்ச ஏரியா. நீங்க என்னை மாதிரி கம்ப்யூட்டர் ஆளா இருந்தா, காசே செலவில்லாத ஒரு கிஃப்ட் இருக்கு. கொஞ்சம் வருஷமா எழுதிட்டு இருக்கிறவங்க கிட்ட பழைய ஃபைல்கள் இருக்கும். பாமினி, வானவில் மாதிரி ஃபான்ட்ல அடிச்சது. அந்த ஃபைலுக்குள்ள உண்மையில தமிழே இருக்காது. ஆங்கில எழுத்துகளோட எண்கள் தான் இருக்கும், ஃபான்ட் அதுக்கு மேல தமிழ் உருவத்தைப் போர்த்தி வச்சிருக்கும். அந்த ஃபான்ட் இல்லாத மெஷின்ல திறந்தா வெறும் கிறுக்கல். தேடவும் முடியாது, பத்திரிகைக்கு அனுப்பவும் முடியாது. இதை யூனிகோடுக்கு மாத்திக் கொடுங்க. இலவசக் கன்வெர்ட்டர்கள் நிறைய இருக்கு.

ஆனா அதோட விட்டுடாதீங்க. "கொ"ன்னு ஒரு எழுத்தை எடுத்துக்குங்க. பழைய முறையில கொம்பு முதல்ல, அப்புறம் க, அப்புறம் கால்னு பார்வைக்குத் தெரியற வரிசையில சேமிச்சிருப்பாங்க. யூனிகோடுல க தான் முதல்ல. வரிசையை மாத்தும்போது அங்கங்க உடையும். கால் வரவேண்டிய இடத்துல "ர" நிக்கும். உட்கார்ந்து ஒரு தடவை படிச்சுச் சரிபார்க்கணும். அண்ணாவோட பதினோரு பழைய கதைகளுக்கு எனக்கு ரெண்டு ஞாயிற்றுக்கிழமை ஆச்சு. படிக்கிற வேலையும் அதுலயே முடிஞ்சது! அப்படியே தானியங்கி பேக்கப்பும் போட்டு விட்டேன். அதுவரைக்கும் நாவலோட ஒரே பிரதி ஒரு பென்டிரைவ்ல சாவிக்கொத்தோட தொங்கிட்டு இருந்தது. பார்த்ததும் எனக்கு வேர்த்துடுச்சு.

கடைசியா, நேரம். ஹார்ப்பர் லீ கதை உங்கள்ல சிலருக்குத் தெரிஞ்சிருக்கும். நியூயார்க்ல ஒரு விமான நிறுவனத்துல டிக்கெட் ரிசர்வேஷன் வேலை பார்த்துக்கிட்டே எழுதிட்டு இருந்தாங்க. 1956 கிறிஸ்துமஸுக்கு மைக்கேல் பிரவுன், ஜாய் பிரவுன்ங்கிற நண்பர்கள் ஒரு கவர் கொடுத்தாங்க. வேலையை விட்டுட்டு ஒரு வருஷம் எழுதுறதுக்கான பணம். "டு கில் எ மாக்கிங்பேர்ட்" 1960ல வெளிவந்தது, அடுத்த வருஷமே புலிட்சர். அந்தத் தம்பதிக்கு அப்போ ரெண்டு சின்னப் பசங்க இருந்தாங்க, பெரிய கோடீஸ்வரங்களும் கிடையாது. ஒரு மேடை நிகழ்ச்சி வேலையில கொஞ்சம் நல்ல பணம் வந்திருந்தது, அவ்வளவு தான்.

நம்ம யாராலயும் ஒரு வருஷச் சம்பளம் கொடுக்க முடியாது. மூணு மணி நேரம் கொடுக்கலாம். மாசத்துல ரெண்டு சனிக்கிழமை அண்ணாவோட பொண்ணை நான் கிண்டி சிறுவர் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போறேன். அண்ணிக்கும் ரெஸ்ட். வாய்ஸ் நோட் அனுப்பின தோழிக்கு இதையே சொல்வேன், உங்க அண்ணிக்கு இது இன்னும் அதிகமாவே பொருந்தும். வீட்ல எழுதுற பொம்பளைங்களுக்குச் சமையல் முடிஞ்சப்புறம் மிச்சமாகுறது தான் எழுதுற நேரம். பிறந்தநாளன்னைக்குக் காலையிலயும் மதியமும் சமையலை உங்க அண்ணன் பார்த்துக்கட்டும். அண்ணி அறைக்கதவைச் சாத்திக்கட்டும். சாயங்காலம் வெளியே வந்ததும் "எத்தனை பக்கம் எழுதினீங்க?"ன்னு மட்டும் கேக்காதீங்க, ப்ளீஸ். தூங்கியிருந்தாலும் அது அவங்க நேரம்.

அடுத்த எபிசோட்ல தமிழ்99 கீபோர்டைப் பத்திப் பேசலாம். வர்றேன், பை.