மண்ணுக்குள் கிடக்கும் தகடு யாருக்குச் சொந்தம்?

மட்டக்களப்பிலிருந்து தெற்கே கல்முனையை நோக்கி ஓடும் பெருஞ்சாலையில், மேற்கே வாவியும் கிழக்கே கடலும் நெருங்கிவந்து இடையில் மணல்நிலம் ஒன்றை மாத்திரம் மிச்சம் விட்டிருக்கின்ற எழுவான்கரையில், காத்தான்குடியையும் ஆரையம்பதியையும் கிரான்குளத்தையும் கடந்து செல்லும் பிரயாணி சென்றடையும் ஊர் குருக்கள்மடம். வாவித் துறையிலிருந்து படுவான்கரையின் அம்பிளாந்துறைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ‘பாதை’ என்னும் மிதவை ஒன்றினாலேயே அயலவர் பலருக்கு அறிமுகமான அவ்வூரின் பெயர், 1990 ஜூலை 12ஆம் திகதிக்குப் பின்னர் காத்தான்குடி மக்களின் செவியில் வேறொரு பொருளோடு ஒலிக்கலாயிற்று. ஹஜ் யாத்திரை முடித்துத் திரும்பியோரும் வியாபார நிமித்தம் போய்வந்தோருமாகிய முஸ்லிம் பிரயாணிகள் அவ்விடத்தில் வழிமறிக்கப்பட்டு, விடுதலைப் புலிகளால் கொண்டு செல்லப்பட்டுக் கொலையுண்டு அங்கேயே புதைக்கப்பட்டார்கள் என்பது, அவர்களின் உறவினர் முப்பத்தைந்து ஆண்டுகளாக விடாது சொல்லிவரும் சாட்சியம். 2014இல் இவ்விவகாரம் களுவாஞ்சிக்குடி நீதவான் நீதிமன்றத்துக்கு வந்து, அகழ்வு பிற்போடப்பட்டு, 2025இல் மீண்டும் அதே நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்தது.

அம் மண் ஒருநாள் முறைப்படி திறக்கப்படுமாயின், அங்கே வெளிப்படக்கூடிய என்புகள் தாம் இன்னார் என்று தாமாகச் சொல்லமாட்டா. ஒரு கைக்கடிகாரம், ஒரு திறப்புக்கோவை, ஒரு மோதிரம், இடுப்புப்பட்டியின் ஒரு கொளுக்கி ஆகிய இவையே, வீட்டிலே காத்திருந்து நரை திரண்டுவிட்ட ஒரு மனைவியிடம், ‘ஆம், இது அவருடையதுதான்’ என்ற சொல்லை வரவழைக்க வல்லவை. நீதிமன்றம் வருமுன்னரே கையில் ஒரு கருவியோடு ஒருவன் வந்து, அவற்றை மாத்திரம் பொறுக்கிக்கொண்டு போய்விட்டால் என்னாகும் என்ற கவலையே என்னை இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

உலோகத்தைக் கண்டறியும் அக் கருவியின் இயல்பைச் சற்று விளக்க வேண்டும். மின்சாரம் பாயும் கம்பிச் சுருள் ஒன்று இடையறாது மாறும் காந்தப்புலத்தை நிலத்தினுள் அனுப்ப, அங்கே உலோகம் ஏதும் கிடப்பின் அதனுள்ளே சுழல் மின்னோட்டங்கள் பிறந்து தமக்கென ஒரு சிறு காந்தப்புலத்தை எழுப்ப, அம் மறுமொழியைக் கருவி உணர்ந்து ஓசையாக மாற்றிக் காதில் ஒலிக்கச் செய்கின்றது. 1881இல் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டின் உடலில் தங்கிய துப்பாக்கிக் குண்டைத் தேடும் பொருட்டு, தொலைபேசியைக் கண்ட கிரஹாம் பெல் இத்தகைய கருவி ஒன்றை அமைத்துப் பார்த்தார்; இரண்டாம் உலக யுத்தத்தில் போலந்து நாட்டு அதிகாரி யோசப் கொசாட்ஸ்கி என்பவர் அதனைக் கண்ணிவெடி தேடுதற்கேற்ப அமைத்துத் தர, 1942இல் எல் அலமெயின் பாலைவனத்தில் அது எண்ணற்ற வீரரின் கால்களைக் காத்தது. நம்முடைய மட்டக்களப்பு மாவட்டமும் 2017இல் கண்ணிவெடி அச்சம் நீங்கியதாக அறிவிக்கப்பட்டமைக்கு, வெயிலில் முழந்தாளிட்டு அடி அடியாக நிலத்தைத் துழாவிய பணியாளரின் கையிலிருந்த இக் கருவியே துணை நின்றது. உயிர் காக்கப் பிறந்த இச்சாதனத்துக்கு ஒரு பெருங்குறை உண்டு: உலோகத்தை அறியும், எலும்பை அறியாது. மோதிரம் கிடக்கும் இடத்தை அது சொல்லும். அம் மோதிரம் இன்னும் ஒரு விரலில்தான் இருக்கின்றது என்பதைச் சொல்லாது.

புதையலின் பெயரால் இரவில் ‘ஸ்கேனர்’ எடுத்துச் சென்று பிடிபட்டோர் பற்றிய செய்தியை நம் பத்திரிகைகளில் அடிக்கடி வாசிக்கிறோம். வன்னியில் இறுதி யுத்தகாலத்தில் புதைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் பொன்னைத் தேடுவோர் அவர்களுட் பலர். வெளிநாடுகளில் இது பொழுதுபோக்காகவே வளர்ந்து, பழைய போர்க்களங்களில் எடுத்த பதக்கங்களும் தகடுகளும் சேகரிப்போரின் கண்ணாடிப் பேழைகளை நிறைக்கின்றன. பொன் தேடுவோனைவிடச் சேகரிப்போன் பண்புடையவன்போலத் தோன்றலாம். இறந்தவனுக்கு இருவரும் இழைக்கும் தீங்கு ஒன்றே என்பது என் துணிபு.

இதனை விளக்கக் கொக்குத்தொடுவாயைப் பார்ப்போம். முல்லைத்தீவு மாவட்டத்தின் அவ்வூரில் 2023 ஜூன் மாத இறுதியில் குடிநீர்க் குழாய் பதிப்பதற்காக வெட்டிய வாய்க்காலில் மனித என்புகளும் சீருடைத் துணிகளும் தென்பட்டன. முல்லைத்தீவு நீதிமன்றின் கட்டளைப்படி, சட்ட வைத்திய அதிகாரிகளும் தொல்லியலாளர் ராஜ் சோமதேவாவும் கட்டங்கட்டமாக நடத்திய அகழ்வு 2024 ஜூலையில் முடிவடைந்தபோது 52 பேருடைய எச்சங்கள் வெளிப்பட்டிருந்தன. விடுதலைப் புலிகளின் பெண் போராளிகளுடைய உடைகளும், இலக்கம் பொறித்த தகடுகளும் அவற்றோடு கிடைத்தன. அவ்வுடல்கள் 1994க்கு முன்னரோ 1996க்குப் பின்னரோ புதைக்கப்பட்டவையல்ல என்று சோமதேவா நீதிமன்றுக்கு அறிக்கையிட்டார். புதைத்த காலத்தை இவ்வளவு குறுகிய எல்லைக்குள் கொண்டுவர உதவியது உடலோடு ஒட்டிக் கிடந்த பொருள்களே. அத் தகடுகளை எவனோ ஒருவன் ஓராண்டு முந்தித் தோண்டி எடுத்து அலமாரியில் வைத்திருந்தால், அவன் கையில் எஞ்சுவது துருவேறிய ஓர் இலக்கம். குழியில் எஞ்சுவது பெயரற்ற என்பு. இரண்டையும் இணைத்த முடிச்சோ என்றென்றைக்கும் அறுந்துபோயிருக்கும்.

அம் முடிச்சு அறாதிருக்கும் பொருட்டே, ஜெர்மானியப் படைவீரன் இரண்டாம் உலக யுத்தத்தில் அணிந்த அடையாளத் தகடு, நடுவே துளைவரிசையிட்டு இரண்டாக முறிக்கத்தக்கதாகச் செய்யப்பட்டிருந்தது. வீரன் மாண்டால் ஒரு பாதியை முறித்து அனுப்பி, மறு பாதியை உடலோடு புதைப்பர். 1949ஆம் ஆண்டின் முதலாம் ஜெனீவா உடன்படிக்கையும் தகட்டின் பாதி உடலோடு இருக்கவேண்டும் என்றும், இறந்தவனது அந்தரங்கப் பொருள்கள் உரிய வழியில் அவன் நாட்டுக்கும் உற்றாருக்கும் சேரவேண்டும் என்றும் விதித்தது. இலங்கை அதில் 1959இல் இணைந்தது. நாடுகளுக்கிடையே நிகழும் போருக்கென எழுந்த விதி அது. எனினும் இறந்தோரின் உடலைச் சூறையாடலாகாது என்ற வழக்காறு உள்நாட்டுப் போரையும் கட்டுப்படுத்துகின்றது.

உடலோடு கிடக்கும் பொருளின் பெறுமதிக்கு இன்னோர் உதாரணம் சொல்வேன். 1916 ஜூலையில் பிரான்சின் புரோமெல் என்ற இடத்தில் மாண்ட ஆஸ்திரேலிய, பிரித்தானிய வீரர் 250 பேரின் உடல்களை 2009இல் தோண்டியெடுத்தபோது, ஒருவனிடம் பிரீமாண்டிலிலிருந்து பேர்த் நகருக்குப் போய்வருவதற்கான ரயில் பயணச்சீட்டு, திரும்பும் பாதி பயன்படாமலே கிடைத்தது. ஊருக்குத் திரும்பி வருவேன் என்று அவ்விளைஞன் தொண்ணூற்று மூன்று ஆண்டுகள் தன்னோடு வைத்திருந்த அச்சீட்டுக்கு எந்தச் சந்தையில் விலை நிர்ணயிப்பது?

நம் நாட்டுச் சட்டத்தில் இங்கே ஓர் இடைவெளி இருக்கின்றது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச்சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட பொருளையே தொல்பொருளெனக் காக்கின்றது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமான அந்நாளே எல்லை. ஆகவே பழைய நாணயம் ஒன்றுக்குக் கிடைக்கும் அந்தப் பாதுகாப்பு, 1990இல் புதைந்தவனின் மோதிரத்துக்கு இல்லை. இவற்றுக்கு நிழல் தருவது பெரும்பாலும் நீதவானின் கட்டளையும், நம் மனச்சாட்சியுமே.

1990 என்ற அவ் ஓராண்டின் கணக்கையேனும் நினைத்துப் பாருங்கள். கிழக்கிலே ஜூன் மாதம் சரணடைந்து கொல்லப்பட்ட பொலிஸார், ஜூலையில் குருக்கள்மடத்துப் பிரயாணிகள், செப்டெம்பரில் சத்துருக்கொண்டானில் கொலையுண்ட தமிழ்க் குடும்பங்கள் என்று மூன்று சமூகத்தாரையும் ஒரே மண் உள்வாங்கிக்கொண்டது. காணாமற்போன படையினருக்காக முறையிட்ட குடும்பங்கள் மாத்திரம் ஏறத்தாழ 5,000. தகட்டின் எழுத்து சிங்களமாயினும் தமிழாயினும் அதனை வேண்டிநிற்கும் தாயின் ஏக்கம் ஒன்றே.

‘மண்ணில் கிடந்து அரித்துப்போவதை நான் மரியாதையோடு பேணுகிறேன்’ என்று சேகரிப்போர் சொல்வதுண்டு. அவர்களுடைய சிரத்தையை நான் சந்தேகிக்கவில்லை. ஆயினும் உரியவருக்கு அறிவிக்காது பேணுதல் மரியாதையாகாது. அது ஒளித்து வைத்தலே. இதைவிடக் கடினமான நிலை வேறொன்றுண்டு. வயல் கொத்தும்போது கிடைத்த தகட்டை, மாவீரர் துயிலுமில்லங்கள் இடிக்கப்பட்டதைக் கண்ணாற் கண்ட ஒருவர், ‘கொடுத்தால் அழித்துவிடுவார்கள், என்னையும் விசாரிப்பார்கள்’ என்றஞ்சி வீட்டில் வைத்திருக்கிறார். அந்த அச்சத்துக்கு நியாயம் உண்டு. அவரைக் குற்றஞ்சாட்ட எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் நான் வேண்டுவது, அத்தகடு கிடைத்த இடத்தையும் நாளையும் எழுதி, படமெடுத்து, ஒரு சட்டத்தரணி வழியாகவோ செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் வழியாகவோ உரிய இடத்துக்குச் சேர்க்கவேண்டும் என்பதையே.

2025 ஆகஸ்ட் 5ஆம் திகதி, யாழ்ப்பாணத்துச் செம்மணி சித்துப்பாத்தி மயானத்துப் புதைகுழியிலிருந்து எடுத்த உடைகளையும் பொருள்களையும் நீதிமன்ற அனுமதியோடு மக்களின் பார்வைக்கு வைத்தபோது, முதிய தாய்மார் வரிசையில் நின்று, ஒவ்வொரு வளையலையும் செருப்பையும் குனிந்து உற்றுப் பார்த்தார்கள். குழந்தையொன்றின் விளையாட்டுப் பொம்மையும் நீலநிறப் புத்தகப்பையும் அக்குழியிலிருந்து வந்தவை. அப்பொருள்கள் கிடந்தபடியே கிடந்து, பதிவாகி, இலக்கமிடப்பட்டு வந்தமையாலேயே அத் தாய்மார் அங்கே வரமுடிந்தது.

வாசகர்களே, வளவில் குழி வெட்டும்போதோ வயல் கொத்தும்போதோ தகடோ மோதிரமோ என்போ தென்பட்டால், அங்கே வெடிக்காத குண்டும் கிடக்கலாம் என்பதை நினைத்து, கைவைக்காது விலகி நின்று, இடத்தை அடையாளமிட்டு, கிராம உத்தியோகத்தருக்கோ பொலிஸ் அவசர இலக்கமாகிய 119க்கோ அறிவியுங்கள். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த காணாமற்போனோர் அலுவலகத்துக்கு மட்டக்களப்பிலும் ஒரு பிராந்திய அலுவலகம் இருக்கின்றது. உங்கள் அலமாரியில் ஏற்கெனவே அப்படியொன்று இருக்குமாயின், அதனை எடுத்த இடம் எதுவென்று இன்றைக்கே ஒரு தாளில் எழுதி, அதனோடு சேர்த்து வையுங்கள். பின்னர் அதை ஒப்படைத்துவிடுங்கள்.