எழுதி முடிக்காத எழுத்து

லினக்ஸில் ஒரு புரோகிராம் கோப்பில் எழுதச் சொன்னதும் இயங்குதளத்தின் மையமான கர்னல் பெரும்பாலும் உடனே 'ஆச்சு' என்றுவிடும். டிஸ்கில் இன்னும் ஒன்றும் ஏறியிருக்காது. டேட்டா நினைவகத்தின் பேஜ் கேஷில் காத்திருந்து, வழக்கமாக 30 விநாடி போல கழித்துத்தான் டிஸ்குக்குப் போகும். அப்போது டிஸ்க் பழுதானால் யாரிடம் போய்ச் சொல்வது? எழுதிய புரோகிராமே மூடப்பட்டிருக்கலாம்.

கேஷைத் தவிர்த்து எழுத ஓ-டைரக்ட் என்ற வழி உண்டு; டேட்டாபேஸ்காரர்களில் பலர் அதில்தான் எழுதுகிறார்கள். எஸ்ஜிஐ நிறுவனத்தின் ஐரிக்ஸ் இயங்குதளத்தில் பிறந்து, 2001இல் லினக்ஸ் 2.4.10க்கு வந்த வசதி இது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கு இது அறவே பிடிக்காது. அதற்காக யாரும் இதைக் கைவிட்டுவிடவில்லை. இந்த வழியில் டிஸ்க் மறுத்தால், எழுதச் சொன்ன அந்த அழைப்பிலேயே பிழை திரும்பிவிடும். (வெற்றி என்றாலும் டேட்டா டிஸ்கின் சொந்தக் கேஷில் நின்றிருக்கலாம், அதை டிஸ்கில் நிலையாக எழுதவைக்கும் எஃப்சிங்க் அழைப்பு இன்னும் தேவைதான்.)

பிழையைச் சொல்வது எளிது. சொன்னபின் கோப்பைச் சரியான நிலையில் விடுவதுதான் வேலை. லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் ஒரு கோப்பின் முடிவில் 1 எம்பி சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் காலி பிளாக்குகள் ஒதுக்கப்படும். அவை பெயருக்குத்தான் காலி. யாரோ அழித்த கோப்பின் பழைய டேட்டா உள்ளே அப்படியே கிடக்கும். எழுத்து முடியும்வரை கோப்பின் அளவை இஎக்ஸ்டி4 கூட்டாது. அதுவரை அந்தக் கோப்பை 'அநாதைப் பட்டியலில்' குறித்து வைக்கும். நடுவில் மின்சாரம் போனால், அடுத்த மவுண்டில் அந்தப் பட்டியலைப் பார்த்து மிச்ச பிளாக்குகளை வெட்டிவிடும்.

மின்சாரம் இருக்கிறது, டிஸ்க் மட்டும் பிழை சொல்கிறது என்றால் அந்த வெட்டும் வேலையைக் கர்னல் அப்போதே செய்தாக வேண்டும். மறந்தால் அளவுக்கு அப்பால் பிளாக்குகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். பின்னொரு நாள் யாராவது கோப்பை நீட்டினால், அடுத்தவரின் பழைய டேட்டா உள்ளே தெரியும். சாதாரணப் பிழை பாதுகாப்பு ஓட்டையாக மாறுவது இப்படித்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த 1 எம்பி பல துண்டுகளாக டிஸ்குக்குப் போகும். ஒன்று மட்டும் தோற்றாலும் மொத்த அழைப்புக்கும் பிழை என்றே பதில் வரும், மற்றவை ஏறியிருந்தாலும். ஆகவே புரோகிராம் அந்த இடம் முழுவதையும் சந்தேகித்து மறுபடி எழுத வேண்டும்.

டிஸ்க் தினமும் கெடுவதில்லை. அதனால் இந்தப் பிழைகளைக் கையாளும் நிரல் ஓடுவதும் அபூர்வம். ஆகவே டெவலப்பர்கள் டிஎம்-ஃபிளேக்கி போன்ற கருவிகளால் நல்ல டிஸ்கை வேண்டுமென்றே தவறவைத்துப் பார்க்கிறார்கள்.