பகலில் அமுது, இரவில் நஞ்சு

பதுளையில் எம் இல்லத்து முன்னறையில் ஒரு கண்ணாடி மீன் தொட்டி உண்டு. மாலையில் விளக்கேற்றியதும் பிள்ளைகள் அதைச் சுற்றி அமர்ந்துவிடுவார்கள். பசுஞ்செடிகளும் அவற்றினூடே ஓடித் திரியும் சிறு மீன்களும் கண்ணுக்கு விருந்தாகும். ஆனால் ஒருநாள் விடியற்காலையில் நாம் கண்ட காட்சி வேறு. மீன்கள் யாவும் நீர்மட்டத்தில் வாயைப் பிளந்து திணறிக்கொண்டிருந்தன. இரண்டு இறந்து மிதந்தன. நோய் ஏதுமில்லை, தீனியிலும் பழுதில்லை. அவற்றைக் கொன்றது, செடிகள் செழிக்கட்டும் என்று நாமே ஊட்டிய கரியமில வாயு!

செடியின் உணவு

பாடசாலையில் காபனீரொட்சைட்டு என்று மாணவர்கள் படிக்கும் வாயுவே இது. மலைச்சரிவில் நிற்கும் தேயிலைச் செடிக்கு இது காற்றிலிருந்து தடையின்றிக் கிடைக்கிறது. நீரில் மூழ்கிய செடிக்கோ அவ்வளவு எளிதன்று. நீரில் இவ்வாயு பரவும் வேகம், காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு குறைவு. திறந்து வைத்த ஒரு லீற்றர் நீரில் சுமார் அரை மில்லிகிராமே கரைந்திருக்கும். ஆகவே ஒளிமிக்க விளக்கின்கீழ் செடி வளர்ப்போர் அதனை 20 முதல் 30 மில்லிகிராம் வரை உயர்த்துகின்றனர். அதற்கு மேற்பட்டால் மீன்களுக்கு மூச்சு முட்டத் தொடங்கும்.

ஒல்லாந்தில் பிறந்த மருத்துவர் யான் இங்கன்ஹவுஸ் 1779ஆம் ஆண்டிலேயே இதன் சூட்சுமத்தைக் கண்டறிந்தார். நீரில் அமிழ்த்திய இலைகளை அவர் வெயிலில் வைத்தபோது பிராணவாயுக் குமிழிகள் எழுந்தன. இருளில் அவை நின்றுவிட்டன. இருளில் செடிகளும் நம்மைப்போலவே காற்றைக் கெடுக்கின்றன என்று அவர் நூல் எழுதினார். பகலெல்லாம் கரியமில வாயுவை உண்ணும் செடி, இரவில் மீனுக்குப் போட்டியாகப் பிராணவாயுவைச் செலவிடுகிறது.

சீனிப் போத்தல்

வாயு நிரப்பிய உருளைகள் விலை மிகுந்தவை. ஆதலின் நம்மவர் பலர் சீனியையும் ஈஸ்டையும் நாடுகின்றனர். அப்பமாவைப் பொங்கச் செய்யும் அதே வாயுதான் இங்கும் உண்டாகிறது. ஒன்றரை லீற்றர் போத்தலில் முக்காற்பங்கு நீர், 200 கிராம் சீனி, கால் தேக்கரண்டி ஈஸ்ட் போதும். மூடியிலிருந்து செல்லும் மெல்லிய குழாயை, நீருள்ள ஒரு சிறு போத்தலினூடாகத் தொட்டிக்குள் விடவேண்டும். பொங்கும் நுரை அந்தச் சிறு போத்தலிலேயே தங்கிவிடும். குழாயை ஒருபோதும் அடைத்தலாகாது. அடைத்தால் போத்தல் வெடித்துவிடும்.

இங்கேதான் நம் மலைநாட்டுக் குளிர் குறுக்கிடுகிறது. பதுளை நகர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 680 மீற்றர் உயரத்தில் உள்ளது. அப்புத்தளையோ 1,400 மீற்றருக்கும் மேல். குளிர் மிகுந்தால் ஈஸ்ட் சோம்பிவிடும். வெப்பம் ஏறினால் பொங்கி எழும். குளிர்நாளில் குமிழி குறைந்ததென்று நாம் ஈஸ்டை இரட்டித்தோம். மறுநாள் வெயில் திரும்பியது. எஞ்சியதை வாசகர் அறிவர்.

காக்கும் வழி

விளக்கை அணைக்கும்போதே குழாயைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்துவிடுக. இரவில் காற்றுப் பம்பி ஓடட்டும். மின்சாரம் தடைப்பட்டால் விளக்கும் பம்பியும் நின்றுவிடும். சீனிப் போத்தல் நிற்காது என்பதை மறவாதீர். மீன்கள் திணறக் கண்டால் மூன்றிலொரு பங்கு நீரை மாற்றி, குவளையால் நீரை மொண்டு உயரத்திலிருந்து பலமுறை ஊற்றுக. மாற்றும் நீர், பீலியிலோ குழாயிலோ பிடித்து ஒருநாள் திறந்து வைத்ததாக இருத்தல் நலம்.

அளவறிய, புரோமோதைமோல் நீலக் கரைசல் கொண்ட சிறு கண்ணாடிக் குமிழைத் தொட்டிக்குள் தொங்கவிடுவர். நீலமெனில் வாயு குறைவு, பச்சையெனில் அளவு, மஞ்சளெனில் ஆபத்து. ஆயினும் நிறம் மாற ஓரிரு மணி நேரம் செல்லும். அதற்கு முன்னரே மீன்கள் சொல்லிவிடும். பார்ப்பதற்குக் கண் வேண்டும்.

புதிதாகத் தொடங்கும் மாணவர்க்கு வாயுவே வேண்டாம் என்போம். இலங்கைக்கே உரிய கிரிப்டோகோரின் இனங்கள் மங்கிய ஒளியிலும் மெல்ல வளர்பவை. 1958இல் ஒல்லாந்துத் தாவரவியலாளர் டி விட் பெயரிட்ட கிரிப்டோகோரின் வென்டியை இன்று உலகெங்கும் தொட்டிகளை அழகுசெய்கிறது. இவ்வினத்துச் செடிகள் சில நம் ஓடைகளில் அருகிவருவதால், அங்கிருந்து பிடுங்காது, வளர்த்து விற்போரிடம் பெறுக. இத்துறையில் ஆர்வம் மிகுந்தோர்க்குப் பதுளையிலேயே வாய்ப்புண்டு: ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் நீர்வாழ் வளத் தொழில்நுட்பம் ஒரு பட்டப்படிப்பாக உள்ளது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பாட்டிமார் அடுக்களையில் சொன்னது, மீன் தொட்டிக்கும் பொருந்துகிறது. இன்று எம் வீட்டில் விளக்கணைக்கும் வேளையில் குழாயை எடுப்பது இளைய மகளின் பொறுப்பு. அவள் ஒருநாளும் மறந்ததில்லை.